உதவி தேவை: டைட்டனுக்குப் போற கற்பனை விண்கலம், வெப்பமும் எரிபொருளும் இடிக்குது

கேள்வி

வணக்கம் நண்பர்களே, சனியோட பெரிய நிலா டைட்டனுக்கு ஆறு பேர் போயி அங்க இருக்கிற மீத்தேன் கடல்களை ஆராயுற மாதிரி ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன், காலம் 2090 பக்கம், கப்பல் பேரு நெய்தல். கதை நல்லாத்தான் போகுது ஆனா கப்பலை மட்டும் நம்ப முடியலன்னு படிச்சுப் பார்த்த ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. மாயாஜால இன்ஜின் எதுவும் வேண்டாம், இன்னைக்குத் தெரிஞ்ச பிசிக்ஸுக்குள்ளயே நிக்கணும்னு பிடிவாதமா இருக்கேன்.

இப்ப இருக்கிற டிசைன்: எரிபொருள் இல்லாம 100 டன், நீளம் 60 மீட்டர், நியூக்ளியர் தெர்மல் இன்ஜின் (அணு ரியாக்டர் சூட்டுல ஹைட்ரஜனைக் காய்ச்சி பின்னாடி பீய்ச்சுறது), அதே ரியாக்டர்ல இருந்தே 1 மெகாவாட் கரண்ட், ஆளுங்க இருக்க 10 மீட்டர் ஆரத்துல ஒரு சுத்துற வளையம், அதுல பூமி அளவு கிராவிட்டி. மொத்தம் விநாடிக்கு 20 கி.மீ. டெல்டா-வி, அதாவது இன்ஜின் குடுக்க வேண்டிய மொத்த வேக மாற்றம், வேணும். வெளிய அவ்வளவு குளிரா இருக்கே, ரியாக்டரைக் குளிர வைக்க தனியா ஏதாச்சும் வேணுமா? டேங்க் எவ்ளோ பெருசா வரும்? வளையம் இந்த அளவு போதுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1

வெப்பத்தைப் பத்தி மட்டும் நான் சொல்றேன் சகோ, ஏன்னா கப்பல் எப்படி இருக்கும்ங்கிறதையே முடிவு பண்றது அதுதான். விண்வெளி குளிர்தான் ஆனா அங்க காத்து இல்ல, சூட்டை வாங்கிட்டுப் போக ஆளே இல்ல. ஃப்ளாஸ்க்ல ஊத்தின டீ மாதிரிதான் உங்க கப்பல், உள்ள இருக்கிற சூடு உள்ளயே நிக்கும். வெளிய போக ஒரே வழி வெப்பக் கதிர்வீச்சு, அதுக்குத்தான் ரேடியேட்டர். சர்வதேச விண்வெளி நிலையத்துலயும் வெள்ளையா நீண்டு நிக்குற பேனல்கள் அதுக்குத்தான், உள்ள அம்மோனியா ஓடுது.

இப்ப கணக்கு. ரியாக்டர் சூட்டுல கால்வாசிதான் கரண்ட்டா மாறும்னு வைங்க, அப்ப 1 மெகாவாட் கரண்ட்டுக்கு 3 மெகாவாட் வெறும் சூடா வெளியேத்தணும். ரேடியேட்டர் 27 டிகிரில இருந்தா ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 800 வாட்தான் போகும், அதாவது 3600 சதுர மீட்டர் வேணும், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 90 சென்ட் நிலம். அதையே 527 டிகிரிக்கு ஏத்துங்க, 72 சதுர மீட்டர்ல முடிஞ்சிடும், ரெண்டு சென்ட் கூட இல்ல. கெல்வின் வெப்பநிலையோட நாலாம் அடுக்குல கதிர்வீச்சு கூடுறதுதான் காரணம். அதுக்காக இஷ்டத்துக்கு சூடாக்கவும் முடியாது, ரேடியேட்டர் சூடு ஏற ஏற கரண்ட் எடுக்குற திறன் குறைஞ்சுட்டே வரும், எங்க நிறுத்துறதுங்கிறதுதான் இன்ஜினியரோட தலைவலி. உங்க கதையில இன்ஜினியர் பாத்திரம் இருந்தா இதை அவருக்குக் குடுங்க.

அப்புறம் ஆளுங்க இருக்கிற பகுதிக்கு தனியா குளிர்ந்த ரேடியேட்டர் வேணும், ஆறு பேரும் மெஷினும் சேர்ந்து 30 கிலோவாட்னா 40 சதுர மீட்டர் கிட்ட வரும்.

இன்னொன்னு, இன்ஜின் எரியும்போது ரேடியேட்டர் பெருசா வேண்டாம், சூட்டையெல்லாம் ஹைட்ரஜனே வெளிய தூக்கிட்டுப் போயிடும். ஆனா ஆஃப் பண்ணதுக்கு அப்புறமும் ரியாக்டர் சும்மா இருக்காது, உள்ள கதிரியக்கச் சிதைவுல சூடு வந்துட்டே இருக்கும், அதனால கொஞ்ச நேரம் ஹைட்ரஜனை விட்டுட்டே இருக்கணும். அந்த எரிபொருளையும் கணக்குல சேருங்க.

பதில் 2

டேங்க் விஷயம் நான் சொல்றேன் ப்ரோ. எவ்ளோ வேகத்துக்கு எவ்ளோ எரிபொருள்னு சொல்ற சியோல்கோவ்ஸ்கி ராக்கெட் சமன்பாடு தெரியும்ல, அதுல போட்டுப் பார்த்தேன். நியூக்ளியர் தெர்மல்ல புகை வேகம் விநாடிக்கு 8.8 கி.மீ.னு வச்சா 100 டன் கப்பலுக்கு சுமார் 870 டன் ஹைட்ரஜன் வருது. சாதாரண ஹைட்ரஜன்-ஆக்சிஜன் ராக்கெட்டா இருந்தா 9000 டன்னைத் தாண்டும், அதனால நீங்க எடுத்த இன்ஜின் சரிதான். அமெரிக்காவுல நெவாடா பாலைவனத்துல 1960கள்லயே இந்த வகை இன்ஜினை தரையில ஓட்டிப் பார்த்துட்டாங்க, கற்பனைன்னு யாரும் சொல்ல முடியாது.

பிரச்சனை எடையில்ல, இடம். திரவ ஹைட்ரஜன் ஒரு கன மீட்டருக்கு 71 கிலோதான், 870 டன்னுக்கு ஒரே உருண்டை டேங்க் செஞ்சா 29 மீட்டர் குறுக்களவு. உங்க கப்பல் நீளமே 60 மீட்டர், அதனால பார்க்கிறவங்களுக்கு முதல்ல தெரியறது டேங்க்தான், கப்பல் அதோட ஓரத்துல ஒட்டிட்டு இருக்கும். டேங்கோட எடை அந்த 100 டன்ல அடங்குமான்னும் பாருங்க. மைனஸ் 253 டிகிரில வருஷக்கணக்கா வச்சிருக்கணும், அதுக்கு கூலர் வேணும், அந்தக் கூலருக்கும் கரண்ட்.

நான் எழுதினா திரும்பி வர எரிபொருளை இங்கிருந்து தூக்கிட்டே போக மாட்டேன். டைட்டன் வட துருவத்துப் பக்கம் கிராக்கன் மாரே, லைஜியா மாரேன்னு கடல் கடலா மீத்தேன் கிடக்கு. மீத்தேனை ஊத்தினா ஹைட்ரஜன் அளவுக்கு புகை வேகம் வராது, ஆனா அடர்த்தி ஆறு மடங்கு, டேங்க் சின்னதாயிடும். கடலுக்குப் போறதுக்கு ஒரு காரணமும் கிடைச்ச மாதிரி ஆச்சு, வேடிக்கை பார்க்க மட்டும் போகல, வீடு திரும்பணும்னாலே அதைத் தொட்டாகணும்.

பதில் 3

10 மீட்டர் வளையம் வேண்டாங்க. அதுல பூமி கிராவிட்டி வரணும்னா நிமிஷத்துக்கு ஒன்பதரை சுத்து, தலையைத் திருப்பினாலே குமட்டும். நின்னா காலுக்கும் தலைக்கும் இடையில எடை 17 சதவீதம் மாறும். நிமிஷத்துக்கு 2 சுத்துக்குள்ள வச்சா பெரும்பாலான ஆளுங்க சமாளிப்பாங்க, அதுக்கு பூமி அளவுன்னா 224 மீட்டர் ஆரம், செவ்வாய் அளவுன்னா 85 மீட்டர் போதும்.

வளையத்தையே தூக்கிட்டு நீளமா ஒரு சட்டம் போடுங்க. ஒரு முனையில ஆளுங்க, இன்னொரு முனையில ரியாக்டர், நடுவுல டேங்க், முழுக் கப்பலும் தலைகீழா உருண்டுட்டே போகட்டும். டேங்க் நடுவுல இருந்தா எரிபொருள் தீர்ந்தாலும் எடை மையம் பெருசா நகராது. ரியாக்டரும் தூரமா போயிடும், கதிரியக்கத்தை மறைக்க நிழல் மாதிரி ஒரு தடுப்பு மட்டும் ஆளுங்க பக்கம் வச்சா போதும், சுத்தி முழுக்க கவசம் வேண்டாம். ரேடியேட்டரும் அந்த நிழலுக்குள்ளயே அடங்கணும், இல்லன்னா ரியாக்டர்ல இருந்து வர்ற நியூட்ரான் அதுல பட்டு ஆளுங்க பக்கம் சிதறும். அதனாலதான் நிஜ டிசைன்கள்ல ரேடியேட்டர் முக்கோணமா வரும்.

கேட்டவர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பொறுமையா கணக்கு போட்டுத் தருவீங்கன்னு எதிர்பார்க்கவே இல்ல. ஆரத்தை 85 மீட்டரா மாத்தி வளையத்தை எடுத்துட்டேன், கப்பல் இப்ப 150 மீட்டருக்கு மேல போகுது, படம் வரைஞ்சு பார்த்தா முன்ன இருந்ததை விட அழகாவே இருக்கு. ஒரு சந்தேகம் மட்டும், இன்ஜின் எரியும்போதும் இதே தரையில நிக்க முடியுமா?

பதில் 3

முடியாதுங்க. உருளும்போது எடை மையத்துல இருந்து வெளிய தள்ளும், அப்ப தரை கப்பலோட நுனிப் பக்கம். இன்ஜின் எரியும்போது இன்ஜின் இருக்கிற பக்கம் கீழ. அதாவது தரையும் கூரையும் அப்படியே மாறிடும். உருள்றதை நிறுத்திட்டுத்தான் இன்ஜினை ஓட்டணும், அதுக்கு முன்னாடி எல்லா சாமானையும் கட்டி வைக்கணும், நாற்காலி திரும்புற மாதிரி இருக்கணும். வருஷக்கணக்கான பயணத்துல இன்ஜின் ஓடுறது கொஞ்ச நேரந்தான், ஆனா அந்த ராத்திரி சமையலறை எப்படி இருக்கும்னு ஒரு காட்சி எழுதுங்க, நான் கண்டிப்பா படிப்பேன்.

பதில் 4

லேண்டரைப் பத்தி யாரும் சொல்லலையே. டைட்டன்ல இறங்குறது சுலபம், காத்தழுத்தம் பூமியை விட ஒன்றரை மடங்கு, ஈர்ப்பு ஏழுல ஒரு பங்கு. 2005 ஜனவரி 14ல ஐரோப்பாவோட ஆளில்லா ஆய்வுக்கலம் ஹைகன்ஸ் வெறும் பாராசூட்லயே ரெண்டரை மணி நேரம் மிதந்து இறங்குச்சு. ஆனா கப்பல்ல இருந்த பிரச்சனை இங்க தலைகீழா மாறிடும், மைனஸ் 179 டிகிரி காத்து அடர்த்தியா சுத்தி நின்னு சூட்டை உறிஞ்சும், லேண்டருக்கு வேண்டியது ரேடியேட்டர் இல்ல, கனமான இன்சுலேஷன். காலுக்கும் போடணும், ஹைகன்ஸ் இறங்கின இடத்துல அதோட சூடு பட்டு ஈரத் தரையில இருந்து மீத்தேன் ஆவியா கிளம்பினது பதிவாகியிருக்கு.

வெளிய நடக்க அழுத்த உடை வேண்டாம், லேண்டர் உள்ளயும் அதே ஒன்றரை மடங்கு அழுத்தம் வச்சுக்கிட்டா சூடான உடையும் ஆக்சிஜன் மாஸ்க்கும் போதும். வெளிய ஆக்சிஜன் இல்ல, மீத்தேன் எரியாது. உடையில ஒட்டிட்டு அது உள்ள வந்தாதான் ஆபத்து, உங்க கேபின்ல ஆக்சிஜன் இருக்கே. அதனால ஏர்லாக்ல (உள்ள வர்றதுக்கு முன்ன இருக்கிற ரெட்டைக் கதவு அறை) நைட்ரஜன் விட்டு உடையைச் சூடாக்கி, மீத்தேன் முழுசா போச்சான்னு சென்சார்ல பார்த்துட்டுத்தான் உள் கதவைத் திறக்கணும். ஏதாச்சும் தப்பானா பூமியைக் கேட்கவும் நேரமில்ல, ஒரு செய்தி போய்ச்சேரவே 70ல இருந்து 90 நிமிஷம் ஆகும், அந்த ஆறு பேரே முடிவெடுக்கணும்.