'முன்தடை'யா, 'வெளியீட்டுத் தடுப்பா'?

அன்புள்ள குழுமத்தினருக்கு,

வணக்கம். செய்தியோ நூலோ வெளிவருவதற்கு முன்பே அரசோ நீதிமன்றமோ அதை நிறுத்திவைப்பதைச் சட்ட நூல்கள் 'ப்ரையர் ரிஸ்ட்ரெயின்ட்' என்கின்றன. நம் அகராதிக்கு அதன் தமிழ்ச்சொல்லாகக் குழுமத்தில் ஐயா ஒருவர் முன்மொழிந்த 'முன்தடை' சுருக்கமான சொல்தான் என்றாலும், முன்பு விதித்திருந்த தடை என்று படிக்கவும் அது இடம் தருகிறது. 'முன்தணிக்கை' இன்னும் குறுகியது. தணிக்கை என்றால் ஒருவர் படித்துப் பார்த்து வெட்ட வேண்டும், இங்கோ பல வேளைகளில் எவரும் படிக்காமலே நிறுத்திவிடுகிறார்கள். 'கட்டுப்பாடு' நமக்குக் கிடைக்காது; கருத்துரிமைக்கு வரம்பிடும் அரசமைப்பின் 19(2) உட்கூறில் 1951ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 'நியாயமான கட்டுப்பாடுகள்' அதைப் பிடித்துக்கொண்டன.

நான் 'வெளியீட்டுத் தடுப்பு' என்பதை முன்வைக்கிறேன். தடை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அச்சாகிக் கடைக்கு வந்துவிட்ட நூலைப் பறிமுதல் செய்வதையும் நாளிதழ்கள் 'நூலுக்குத் தடை' என்றே எழுதுகின்றன. தடுப்பூசி, தடுப்புக் காவல் ஆகியவற்றில் உள்ள தடுப்போ, நிகழ்வதற்கு முன் என்ற பொருளைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், 'முன்' என்ற ஒட்டே தேவைப்படாது.

இராமேசுவரத்தில் இதை விளக்கச் சிரமமில்லை. பலத்த காற்று வீசும் என்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டான டோக்கனை மீன்வளத்துறை கொடுக்காது. டீசல் நிரப்பி, ஐஸ் ஏற்றி நிற்கும் விசைப்படகும் துறையிலேயே கிடக்கும். கடலுக்குப் போய் விதியை மீறி வந்தவருக்குப் போடும் அபராதம் முற்றிலும் வேறு. மேலும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வாழ்ந்து பழகிய இக்கரையில் 'தடை' என்றால் காதில் விழுவது அதுதான். ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும்: காற்றுக்காக டோக்கனை நிறுத்துகிறவருக்கு அதில் ஆதாயம் ஒன்றுமில்லை, செய்தியை நிறுத்த முனைகிறவரோ பெரும்பாலும் அந்தச் செய்தியில் அடிபடுகிறவர்.

1994இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த இராஜகோபால் வழக்கு அப்படிப்பட்டதே. கொலைக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடவிருந்தபோது, சிறைத்துறைத் தலைவர் அதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார். தங்கள்மேல் அவதூறு வரும் என்று அஞ்சி வெளியீட்டை முன்கூட்டியே மறிக்க அதிகாரிகளுக்குச் சட்டத்தில் அதிகாரமில்லை, வெளிவந்த பின் வழக்குத் தொடரலாம் என்றது நீதிமன்றம். இங்கிலாந்தில் உரிமம் பெற்றே அச்சிடவேண்டும் என்ற சட்டம் 1695இல் காலாவதியான பின், பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் பத்திரிகைச் சுதந்திரத்துக்குத் தந்த விளக்கமும் இந்த முன், பின் என்ற பிரிவையே பிடித்துக்கொண்டு நின்றது. ஆகவே நம் சொல்லும் அந்த எல்லையைக் காட்டியாக வேண்டும்.

சிலர் 'அச்சுத் தடுப்பு' போதாதா என்று கேட்டிருந்தார்கள். போதாது. 1950 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளைத் தீர்த்தது. பிரிஜ் பூஷண் வழக்கில் டெல்லியின் ஆர்கனைசர் இதழ், குறிப்பிட்ட வகைச் செய்திகளை வெளியிடுமுன் ஒப்புதலுக்கு அனுப்பவேண்டும் என்று ஆணையிட்டிருந்தார்கள். அது சுத்தமான முன்தணிக்கை. ரொமேஷ் தாப்பர் வழக்கிலோ கிராஸ் ரோட்ஸ் இதழ் பம்பாயில் தடையின்றி அச்சாகிக்கொண்டிருந்தது, சென்னை மாநிலத்துக்குள் நுழையத்தான் முடியவில்லை. புதுச்சேரியில் அச்சான பாரதியின் 'இந்தியா' பிரிட்டிஷ் எல்லைக்குள் வரமுடியாமல் 1910இல் நின்றுபோனதும் இதே வகைதான். வாசகர் கைக்குப் போய்ச் சேருவதும் வெளியீட்டில் அடங்கும் என்று கொண்டால்தான் இவையெல்லாம் ஒரு சொல்லுக்குள் வரும். தாப்பர் தீர்ப்பும் விநியோகத்தைக் கருத்துரிமையின் பகுதியாகவே கண்டது.

ஆகவே பொதுச்சொல்லாக 'வெளியீட்டுத் தடுப்பு', அதன் ஒரு வகையாக 'முன்தணிக்கை', நீதிமன்றம் பிறப்பிப்பதற்கு 'வெளியீட்டுத் தடுப்பாணை' என்று அகராதியில் பதியலாம் என்பது என் கருத்து. கடைசிச் சொல்லில் மட்டும் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு, வழக்கறிஞர்கள் 'தடையாணை'யை எளிதில் விடமாட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடும் நண்பர்கள் இதைப் பற்றி எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து