மங்கின கால்ல ஈயம் ஒட்டாது: சால்டரிங்குக்கு முந்தி செய்ய வேண்டியது

சால்டரிங் (ஈயத்தை உருக்கி மின்பாகங்களை போர்டுல ஒட்டுறது) பண்றவங்க ஊர் ஊரா சொன்னது இது.

தென்காசி:
சாரல் சீசன் முடிஞ்சு பார்ட்ஸ் டப்பாவைத் திறந்தா ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்துற சின்ன பாகம்) கம்பிக்கால் எல்லாம் மங்கிக் கெடக்கும். அதுல ஈயத்தை வச்சா சேம்பிலைத் தண்ணி மாதிரி உருளும். சூடு பத்தலன்னு சால்டரிங் அயர்னை அழுத்திப் பிடிக்கிறவங்கதான் அதிகம். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியிலயே உருகிரும்; ஒட்டவிடாம தடுக்குறது துரு மாதிரி காலைப் பிடிச்ச ஆக்சைடு. 600 நம்பர் உப்புத்தாளை ரெண்டா மடிச்சு, நடுவுல காலை வச்சு லேசா அமுக்கி, பாடிப் பக்கமிருந்து நுனிக்கு இழுங்க. காலைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு இழுப்பு. பளிச்சுன்னு வெள்ளையாத் தெரிஞ்சதும் நிறுத்திரணும். செம்பு தெரியுற வரை தேச்சாச்சுன்னா காலோட வெள்ளைப் பூச்சு போச்சு; உடனே ரோசின் (ஈயம் ஒட்ட உதவுற பைன் மரப் பிசின்) தொட்டு ஈயம் பூசிருங்க, மறுநாளைக்கு வைக்கக்கூடாது. பிளேடு வச்சுச் சுரண்டாதீங்க, கீறல் விழுந்த இடத்துல வளைச்சா ஒடியும். பொறவு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல ஒரு துடை. துடைச்ச காலை விரலால தொட்டா வேர்வை உப்பு ஏறும்.

உவரி:
அண்ணாச்சி, எங்க பக்கம் உப்புக்காத்து, சாரல் இல்லாமலே மங்கிரும். ஜிப் கவர்ல சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க. ரப்பர் பேண்டு சுத்தவே கூடாது. அதுல இருக்க கந்தகம் செம்பையும் வெள்ளிப் பூச்சையும் கருக்க வச்சிரும். ரெண்டு நுனியும் டேப்ல ஒட்டி வர்ற ரெசிஸ்டரைப் பிடுங்கி எடுக்காதீங்க. நுனியில பசை ஒட்டிட்டே வந்து போர்டு ஓட்டையில அப்பிக்கிடும். டேப்புக்கு உள்பக்கமா வெட்டி எடுத்தா அந்த வேலையே இல்ல.

பாளையங்கோட்டை:
பாத்திரத்துக்கு ஈயம் பூச நவச்சாரம் போடுவாங்கல்லா, அதை போர்டுல கொண்டு வராதீங்க. மிச்ச உப்பு ஈரத்தை இழுத்துப் பச்சை பூத்து, காலை அரிச்சிரும். ரோசின் போதும்.

கிணத்து மோட்டார் வைண்டிங் கம்பியில காயில் சுத்துறவங்களுக்கு ஒண்ணு: அதுல இருக்க எனாமல் பூச்சு அயர்ன் சூட்டுக்கு லேசுல உருகாது. நுனி 1 சென்டிமீட்டரை உப்புத்தாள்ல சுத்திவரத் தேய்க்கணும். ஒரு பக்கம் மட்டும் தேச்சா ஈயம் பிடிச்ச மாதிரித் தெரியும், அசைச்சா கழண்டு வந்துரும். தீக்குச்சியில பொசுக்கினாலும் கரியைத் தேய்க்கிற வேலை பாக்கி நிக்கும்.

வளைக்கும்போது நோஸ் பிளையரால பாடிக்கும் வளைவுக்கும் நடுவுல பிடிச்சுக்கிடுங்க, 2 மில்லிமீட்டராவது விட்டு. இல்லன்னா கண்ணாடி டயோடு விரிசல் விட்டுரும், வெளிய தெரியக்கூட செய்யாது. எல்இடி, எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் காலை முதல்லயே சமமா வெட்டாதீங்க; நீளக் கால்தான் பிளஸ்.

அம்பாசமுத்திரம்:
பல இழை ஒயரை 5 மில்லிமீட்டர் உரிச்சு, முறுக்கி, ஈயம் பூசுறது போர்டுக்குச் சரி. ஸ்குரூ டெர்மினல்ல மாட்டுறதா இருந்தா பூசாதீங்க. அமுக்கத்துல ஈயம் பைய நசுங்கி, நாள்பட இணைப்பு லூசாகிச் சூடேறும்.