மறு: மறு: ‘ஃபேஸ்லிஃப்ட்’டுக்கு ஒரு சொல் வேண்டும், இன்றிரவுக்குள்

நண்பர்களே,
வாகன இதழ் ஒன்றுக்கு மொழிபெயர்க்கிறேன். பத்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகிறது. 2024 மே மாதம் வெளியிட்ட போர்ஷே 911 ஜிடிஎஸ் கார் பற்றிய முதல் பார்வை. ‘ஃபேஸ்லிஃப்ட்’, அதாவது ஒரு மாடலை முழுக்க மாற்றாமல் நடுவில் புதுப்பிப்பது, பதினோரு இடத்தில் வருகிறது. ‘முகமாற்றம்’ என்று போட்டுப் பார்த்தேன். ஆள்மாறாட்ட வழக்கு மாதிரி இருக்கிறது.
– வ.

அம்மா,
‘முகம்’ வடசொல் என்று ஒருவர் வருவார், அதற்குள் சொல்லிவிடுகிறேன். முகப்பு, முகடு, முகை, மூக்கு எல்லாம் ஒரே வேர் என்பது என் கட்சி. முகிலைக்கூட அங்கே கொண்டுவரலாம். நிற்க. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ வரும். கோயிலைப் பழுதுபார்க்க விட்ட நிலம். கட்டடம் அதுவேதான், பழுதானதை மட்டும் புதுக்குவார்கள். எனவே ‘முகப்புதுக்கு’.
– புலவர்

ஐயா, நான் பழைய கார் வாங்கி விற்பவன். “முகப்புதுக்கு வண்டி இருக்கா?” என்று யாராவது கேட்டால் முகப்பவுடர் என்று நினைத்துப் பக்கத்துக் கடையைக் காட்டுவேன். ஃபேஸ்லிஃப்ட் என்றே எழுதுங்கள். பேருந்து நின்றது, மகிழுந்து நிற்கவில்லை, கார்தான் ஓடுகிறது.
– கோவையான்

வணக்கம். நான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறன். இங்கே இதை ‘மொடெல்ப்ஃப்லேகெ’ என்பார்கள். ‘ப்ஃப்லேகெ’ என்றால் பேணுதல், நோயாளரைப் பராமரிப்பதற்கும் அதே சொல்தான். முகம் என்ற பேச்சே இல்லை.

இந்தக் காரை நான் நேரில் பார்த்தேன். முன்பக்கம் சட்டென்று வித்தியாசம் தெரியாது. பம்பரில் இருந்த விளக்குகளை முகப்பு விளக்குக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் பக்கத்துக்கு ஐந்து செங்குத்துக் காற்றுத் தடுப்புகள், தேவைக்கேற்பத் திறந்து மூடும். உள்ளே இருந்தபோதுதான் மனம் சுருக்கென்றது. எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்ட நடுவில் இருந்த முள்ளுள்ள சுழல்மானி இல்லை, முழுக்கத் திரை. திருகிக் கிளப்பும் குமிழும் போய்ப் பொத்தான் வந்திருக்கிறது. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் என்ற பழைய இடத்தை மட்டும் விடவில்லை. பெரிய மாற்றம் பின்னால்: 3.6 லிட்டர் எஞ்சின், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும், மின்மோட்டார் சுழற்றும் டர்போ, கியர்பெட்டிக்குள் இன்னொரு மோட்டார். எடை 50 கிலோ கூடியும் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் ஒரு சுற்றை முந்தையதைவிட 8.7 விநாடி முந்தி, 7 நிமிடம் 16.934 விநாடியில் முடித்தது. இதற்குப் போய் ‘முகம்’ எண்டு பெயரா?
– ஸ்டுட்கார்ட்டான்

ஆகா! முகநக நட்பது நட்பன்று, நெஞ்சத்து அகநக நட்பது நட்பு. வள்ளுவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். ‘முக’வை எடுத்துவிடலாம். ‘புதுக்கு’ மட்டும்.
– புலவர்

‘புதுக்கு’ என்றால் வினையா பெயரா? ‘புதுக்கம்’ ஆக்குங்கள். ‘இடைப்புதுக்கம்’ என்றால் இரண்டு தலைமுறைக்கு நடுவில் செய்தது என்பதும் வந்துவிடும்.
– வ.

இடை என்றால் இடுப்பு. பெரிய எழுத்தில் தலைப்பாக வரும்போது தெரியும்.
– கோவையான்

பெயர்ச்சண்டை இந்தக் காருக்குப் புதிதல்ல. 1963இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் இதன் பெயர் 901. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்க எண் எங்களுடையது என்று பிரெஞ்சு கார் நிறுவனம் பெஜோ மறித்தது, 911 ஆனது.
– ஸ்டுட்கார்ட்டான்

மணி ஒன்பதே முக்கால். முதல் இடத்தில் ‘இடைப்புதுக்கம் (ஃபேஸ்லிஃப்ட்)’, மற்ற பத்திலும் ‘புதுக்கம்’ என்று அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.
– வ.

நான்கு பேரில் மூவர் சரி என்றால் சரிதான். என் கடைப் பலகையில் ஃபேஸ்லிஃப்ட் என்றுதான் இருக்கும்.
– கோவையான்

அம்மா, அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட்டுக்குக் ‘கலப்பினம்’ என்று போட்டிருக்கிறீர்களே? அது பசுமாட்டுக்குச் சொல்வது. நாளை காலை விரிவாக எழுதுகிறேன்.
– புலவர்