புதுப்பிப்பு: புற்றுநோய் செல்லை உடல் அடையாளம் காணுமா?

புற்றுநோய் செல் நம் சொந்த செல்தான், அதனால் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அது தெரியவே தெரியாது என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன்.

உடலின் பெரும்பாலான செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களை நறுக்கி, சுமார் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகளை வெளிப்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. மரபணு பிறழ்ந்த செல்லில் அவற்றுள் சில, உடல் அதுவரை பார்த்திராதவை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) அவற்றைக் கண்டுகொள்ளும்.

பிறழ்வே இல்லாமலும் இது நடக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. 1991-இல் ஆய்வாளர் தியரி பூன் குழுவினர் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் கண்டறிந்த ஆன்டிஜென் (டி செல்கள் அடையாளம் காணும் பொருள்) அப்படிப்பட்டது. வழக்கமாக விந்தகத்தில் இயங்கும் மரபணு, கட்டியில் விழித்துக்கொண்டிருந்தது!

சரி, அப்புறம் கட்டி எப்படி வளர்கிறது? சில செல்கள் துண்டுகளைக் காட்டுவதையே நிறுத்திவிடுகின்றன. வேறு சில, டி செல்லில் உள்ள பிடி-1 என்ற பிரேக்கை அழுத்துகின்றன. இத்தகைய பிரேக்குகளை விடுவிக்கும் சிகிச்சைக்கு வழிவகுத்த ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹொஞ்சோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிறழ்வுகள் மிகுந்த மெலனோமாவில் இந்த மருந்துகள் பலருக்குப் பலன் தருவதற்கு, அந்தப் புதிய துண்டுகளும் ஒரு காரணம்.