டோக்கியோ – லாஸ் ஏஞ்சலஸ்: எக்ஸெல்லில் தூரமும் பயண நேரமும் தப்பாக வருகிறது, எங்கே பிழை?

கேள்வி: டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை 35.76, 140.39, லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கு 33.94, 118.41 என்று கொடுத்தேன். தூரம் 2,011 கி.மீ. என்கிறது. நேரமும் சரியில்லை: புறப்பாடு மாலை 17:00, இறங்குவது அதே தேதி காலை 10:00. கழித்தால் கட்டம் முழுக்க ##### தான்.

பதில் 1: லாஸ் ஏஞ்சலஸ் மேற்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. 118.41க்கு முன்னால் மைனஸ் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஊர் சீனாப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும், 2,011 வருவது அதனால்தான். மைனஸ் போட்டால் சுமார் 8,754 வரும். பூமியைச் சரியான கோளமாக, ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்துப் போடும் கணக்கு இது; அரை சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம். தூரச் சூத்திரத்தில் வரும் சைன், கொசைனுக்குள் டிகிரியை அப்படியே தராமல் ரேடியனாக மாற்றித்தான் தர வேண்டும்; அதைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

நேரத்துக்கு, இரண்டையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டுக் கழியுங்கள். டோக்கியோ யூடிசிக்கு 9 மணி நேரம் முன்னால், ஆக 17:00 என்பது யூடிசி 08:00. லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால், ஆக 10:00 என்பது யூடிசி 18:00. பயணம் 10 மணி நேரம். எக்ஸெல்லில் நேரம் மைனஸில் போனால் ##### காட்டும், வேறொன்றுமில்லை. தேதியையும் சேர்த்தே எழுதி, விடையை 24ஆல் பெருக்குங்கள்.

கேட்டவர்: 8,754 வந்துவிட்டது, ரொம்ப நன்றி! ஆனால் 900 கி.மீ. வேகத்தில் வகுத்தால் போக, வர இரண்டுக்கும் 9 மணி 44 நிமிடம்தானே? திரும்பும் விமானத்துக்கு 12 மணி நேரம் போட்டிருக்கிறதே?

பதில் 2: 900 என்பது காற்றை வைத்துச் சொல்லும் வேகம், தரையை வைத்து அல்ல. அந்த உயரத்தில் ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் சில நாள் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். வழி முழுக்கச் சராசரி 80 என்று வையுங்கள். போகும்போது 980, சுமார் 8 மணி 55 நிமிடம். வரும்போது 820, சுமார் 10 மணி 40 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, வரிசையில் நின்று இறங்குவது எல்லாவற்றுக்கும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கூட்டுங்கள். எதிர்காற்றைத் தவிர்க்கச் சுற்றிப் போனால் இன்னும் கொஞ்சம் கூடும்.

தட்டை வரைபடத்தில் கோடு போட்டு அளக்க வேண்டாம். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைதான், ஆனால் குறுக்கு வழி நடுக்கடலில் 47, 48 டிகிரி வடக்கு வரை ஏறி இறங்கும். அட்சரேகையோடு நேரே போனால் ஏறக்குறைய 480 கி.மீ. கூடுதல்.

பதில் 1: ஒன்று விட்டுப்போனது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை லாஸ் ஏஞ்சலஸில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள், அப்போது 8க்குப் பதில் 7 போடுங்கள். ஜப்பானில் கடிகாரம் மாறாது, அங்கே எப்போதும் 9.