வா பெடலை மிதிச்சா கரகரங்குது, பாட் மாத்தணுமா?

கண்டனூர்_கிதார்:
பரணில் கிடந்த பழைய க்ரை பேபி வா பெடல் (கிதார் ஓசையை 'வா-வா'ன்னு மாத்துற கால் மிதி). மிதிக்கும்போதெல்லாம் கரகரங்குது. பேட்டரி கிளிப்பில் பச்சை, சுற்றிலும் வெள்ளைப் பொடி. அடாப்டரில் ஓடுது. காரைக்குடிக் கடையில் சாதா 100கே பாட் (மிதிக்கும்போது திரும்பி ஓசையை மாத்துற 100 கிலோ ஓம் மின்தடை) இருக்கு, வாங்கிடலாமா?

செக்காலை_சால்டரிங்:
முதல்ல அளந்து பாருங்க தம்பி. கரகரப்புக்குக் காரணம் ரெண்டு: பாட்டின் கார்பன் தடத்தில் தூசி அல்லது தேய்மானம், இல்லேன்னா பாட்டோட சேர்ந்த 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (ஓசை சிக்னலை விட்டு, ஒரே திசை மின்சாரமான டிசியைத் தடுக்கிற உறுப்பு) கசிஞ்சு டிசி வர்றது. கசிவு இருந்தா புதுப் பாட்டும் இப்படியேதான் கத்தும். மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசியில் வைங்க. கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை பாட்டின் மூணு காலிலும் ஒவ்வொண்ணா. பூஜ்யத்தை ஒட்டி இருந்தா கெப்பாசிட்டர் நல்லது. வோல்ட் காட்டினா கெப்பாசிட்டரைத்தான் மாத்தணும், ஃபிலிம் வகை போடுங்க.

டிசி இல்லேன்னா பாட்டின் இடுக்கு வழியா காண்டாக்ட் கிளீனர் ரெண்டு பீய்ச்சு விட்டு முப்பது தடவை மிதிங்க. அதுக்கும் அடங்கலைன்னா தடம் தேய்ஞ்சு போச்சு. சாதா பாட் வேண்டாம்: தண்டு பல்சக்கரத்துக்குப் பொருந்தாது, ஓசை மாறும் வேகமும் வேறயாயிடும். வா பெடலுக்குன்னே வர்ற 100கே பாட் கேட்டு வாங்குங்க, சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்கலாம்.

பாட் மாத்துறதா இருந்தா, அதன் நட்டைத் தளர்த்துறதுக்கு முன்னாடி குதிகாலை முழுசா அழுத்தி, பல்சக்கரத்தில் எந்தப் பல் பற்சட்டத்தில் (மிதியோட சேர்ந்து நகர்ற பல் வச்ச சட்டம்) கடிச்சிருக்குன்னு மார்க்கரால் ஒரு கோடு போடுங்க. பல் தப்பி மாட்டினா மிதி முடியுறதுக்குள்ள பாட் தன் எல்லையில் முட்டும். கால் பாரத்தில் உள்ளே இருக்கிற நிறுத்தி உடைஞ்சே போயிடும். இந்த வேலையில் இப்படிச் சேதம் நடக்குறதுண்டு.

தேவகோட்டை_டோன்:
பேட்டரி கசிவுக்கு: ஆல்கலைன்னா கசிவு காரம், வினிகர் தொட்ட பஞ்சு போதும். பழைய துத்தநாக–கார்பன் பேட்டரின்னா அமிலத் தன்மை, ஆப்பசோடாக் கரைசல். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைச்சு நல்லாக் காய விடுங்க. பித்தளைச் சாமான் மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீங்க, ஜாக்கின் (கேபிள் செருகுற துளை) முலாம் போயிடும். கிளிப் வயரின் உறையை அரை அங்குலம் உரிச்சுப் பாருங்க. உள்ளே செம்பு கறுத்திருந்தா ஈயம் ஒட்டாது, கிளிப்பையே மாத்துங்க.

கண்டனூர்_கிதார்:
அளந்துட்டேன் அண்ணே, நடுக்காலில் 0.6 வோல்ட். இன்புட் ஜாக்கும் ஆடுது, சாதா மோனோ ஜாக் போடலாமா?

செக்காலை_சால்டரிங்:
அப்போ கெப்பாசிட்டர்தான், பாட்டைத் தொட வேண்டாம். ஜாக் ஸ்டீரியோவே போடுங்க. பேட்டரியின் கறுப்பு வயர் அதன் ரிங் காலில் (மோனோ ஜாக்கில் இல்லாத கூடுதல் கால்) வரும்; கேபிளைச் செருகும்போதுதான் மின்சாரம் ஓடும். மோனோ போட்டு அந்த வயரைக் கிரவுண்டில் சேர்த்தா பேட்டரி எந்நேரமும் தீர்ந்துட்டே இருக்கும்.