பாட்டு பாடுற கவ்பாய் படத்துல அப்படி என்ன இருக்கு?

கேள்வி: ஹாலிவுட் கவ்பாய் நடிகர் ஜீன் ஆட்ரி படம் ஒண்ணு யூடியூப்ல பாத்தேன், வில்லன் தப்பிச்சு ஓடுறான், இவர் நிதானமா கிடார் வாசிக்கிறார்... 1930கள்ல இதை எப்படிங்க ரசிச்சாங்க?

பதில் 1: அவர் முதல்ல ரேடியோ பாடகர் பாஸ். வீட்ல கேட்ட குரலைத் திரையில பாக்கத்தான் கூட்டம் போச்சு. 1935ல வந்த 'தி பாண்டம் எம்பயர்' 12 பாக சீரியல் பாருங்க, பூமிக்கடியில ரோபோ நகரத்துல மாட்டிக்கிட்டாலும் தினமும் ரேடியோ நிகழ்ச்சிக்கு டைமுக்கு வந்து பாடியாகணும், இல்லன்னா கான்ட்ராக்ட் காலி 😂

பதில் 2: நான் இன்னொரு பாட்டு பாடுற கவ்பாய் ராய் ராஜர்ஸ் கட்சி. அவரோட குதிரை ட்ரிக்கருக்கே போஸ்டர்ல பேர் போடுவாங்க. கதை சுமார்தான், ஆனா ராத்திரி நெருப்பைச் சுத்தி உக்காந்து நாலு பேர் சேர்ந்து பாடுவாங்க பாருங்க, அதுக்கே பாக்கலாம்.

கேட்டவர்: மொதல்ல ரோபோவைப் பாத்துட்டு வரேன்.